உடம்பு சரியில்லை என்று சொல்லத் தெரியாதவள்

என் அக்கா ஹெர்மின், நெதர்லாந்தின் டெவென்டர் நகரத்து முதியவர்களின் கால்களைப் பார்த்துப் பிழைக்கிறாள். பெடிக்யூர் என்றதும் நகப்பூச்சு, ரோஜா இதழ் மிதக்கும் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்துபோன நகம், பட்டாணி அளவு கால் ஆணி, சர்க்கரை வியாதிக்காரர்களின் மரத்துப்போன குதிகால், இவைதான் அவள் உலகம். சைக்கிளின் பின்னால் இரண்டு பைகள். ஒன்றில் கருவிகள், இன்னொன்றில் மடக்கு முக்காலி. மழையோ பனியோ, வீடு வீடாகப் போவாள். முதியவர்கள் அவளிடம் காலைக் கொடுக்கும்போதே பிள்ளைகளைப் பற்றிய புகாரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்வாள். காலை மட்டும் சரிசெய்து திருப்பித் தருவாள்.

அத்தான் பேரெண்ட் இரண்டு தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கிறார். கடவுள் நல்ல ரசிகர்தான், ஆனால் சம்பளம் கொடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் சிக்கனம். ஆகவே வீட்டுக் கடன், பிள்ளைகள் இருவரின் படிப்பு, குளிர்கால எரிவாயு, அத்தானின் சுருட்டு எல்லாமே அக்காவின் வலது மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் திரும்பி வந்த பிறகு நானும் அதில் தொங்கினேன்.

எட்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்தவள் நான். சிலியில் திராட்சை பறித்தேன். நேபாளத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவினேன். கிரேக்கத்துக் கப்பல் ஒன்றில் வெங்காயம் உரித்தேன். வேலை கேட்கும் கடிதங்களில் இவற்றை 'பன்னாட்டு அனுபவம்' என்று எழுதுகிறேன். அக்கா எனக்கு மேல்மாடத்தில், துணி காயப்போடும் கொடிகளுக்கு அடியில் ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தாள். இப்போது நானும் சொந்தத் தொழில்காரி. கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதுகிறேன். இந்தச் செய்தி கடைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் பக்கத்துத் தெருவில் கூரை வேயும் ஒருவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எங்கள் நாட்டில் மாதச் சம்பளக்காரன் படுத்தால் முதலாளி பார்த்துக்கொள்வார். சொந்தத் தொழில்காரன் படுத்தால் அவனை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் படுத்துக்கொண்டே. அந்த வீட்டு ஜன்னலில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டிய அன்று அத்தானுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மசித்த உருளைக்கிழங்கில் முள்கரண்டியால் குழி பறித்துக்கொண்டே கேட்டார்.

"உன் கை நின்னு போச்சுன்னா நம்ம கதி என்ன, ஹெர்மின்?"

"என் கை ஏன் நிக்கப்போகுது?"

"தினம் காலைல ஜாம் பாட்டிலத் திறக்கச் சொல்லி எங்கிட்ட நீட்டுறியே, அதான் கேட்டேன்."

அக்கா கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள். எவரும் கேட்காமலே நான் உள்ளே புகுந்தேன்.

"இன்சூரன்ஸ் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு அத்தான். பொலிவியால எனக்குக் கால் உடைஞ்சப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு பஸ்ஸே இறங்கி வந்து..."

"அந்தப் பஸ் கிளம்புறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும் ரென்ஸ்கே," என்றார் அத்தான். "இந்த மாசக் கடனை அந்தப் பஸ்ஸுல வந்தவங்க கட்டுவாங்களா?"

மறு வாரம் இன்சூரன்ஸ் ஆலோசகர் ஒருவர் வந்தார். இளைஞர். மூக்கு கூரான ஷூ போட்டிருந்தார், அக்கா அந்த ஷூவையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொடுத்த உடல்நலக் கேள்விகளுக்கு மூன்று மாலை உட்கார்ந்து பதில் எழுதினாள். காலையில் வலது மணிக்கட்டு விறைத்துக்கொள்வது வரை எழுதினாள்.

"அதை எதுக்குடி எழுதற?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவசரத்தில் அக்காவை 'டி' போட்டுவிட்டேன்.

"கேட்டிருக்காங்களே."

"கேட்டா சொல்லிடுவியா?"

"பின்ன எதுக்குக் கேக்கறாங்க?"

பதிலோடு ஆலோசகர் மறுபடி வந்தார். அக்காவுக்கு வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தருவார்களாம். பிரீமியம் ஏறக்குறைய வீட்டுக்கடன் தவணைக்குத் தம்பி மாதிரி இருந்தது. கூடவே ஒரு வரி: வலது மணிக்கட்டும் அதனால் வரும் எந்தத் தொந்தரவும் இதில் சேராது.

"அப்போ எதுக்குத்தான் தருவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"உதாரணத்துக்கு, கால் ஒடிஞ்சா தருவோம் மேடம்."

"கால் ஒடிஞ்சா நான் முக்காலில உக்காந்து வேலை பாப்பேன்."

ஆலோசகர் காபியோடு வைத்த ஒரே பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வழி சொன்னார். இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்ய முடியாமல் இருந்தால், அதற்குப் பிறகு மட்டும் பணம் தரத் தொடங்கும் பாலிசி ஒன்று உண்டு. விலை மிகவும் குறைவு. அந்த இரண்டு வருடம் எதைச் சாப்பிடுவது என்பதற்கு அதில் பக்கம் இல்லை. எதுவானாலும் பிப்ரவரி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

சைக்கிள் டியூப் பஞ்சராகி கெர்லோஃப் கடைக்குப் போனபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. அவர் சுவரில் ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டியிருந்தார். ரொட்டி நிதி. ஊரில் சொந்தத் தொழில் செய்யும் நாற்பது பேர் சேர்ந்தது. ஒவ்வொருவரும் மாதாமாதம் தன் பெயரிலேயே தனிக் கணக்கில் பணம் போட்டு வைப்பார்கள். ஒருவர் நோயில் விழுந்தால் மற்ற எல்லோரும் தங்கள் கணக்கிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக மாதாமாதம் அன்பளிப்புக் கொடுப்பார்கள். சட்டப்படி அது அன்பளிப்புதான். அதிகபட்சம் இரண்டு வருடம்.

"டாக்டர் சர்டிபிகேட்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். 'உடம்பு முடியல'ன்னு அவங்க சொன்னாப் போதும். நம்பிருவோம். ஆனா நம்பக்கூடிய ஆளத்தான் சேப்போம்," என்றார் கெர்லோஃப், கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி.

முதல் இரண்டு வருடத்துக்கு ரொட்டி நிதி, அதற்கு அப்புறம் மலிவான பாலிசி. மணிக்கட்டு, முதுகு, மனசு எதற்கும் நிதியில் விலக்கு கிடையாது. அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனைப் போல வீட்டுக்கு ஓடினேன்.

"தெரியும்," என்றாள் அக்கா. "கெர்லோஃப் ரெண்டு வருஷமாக் கூப்டுட்டு இருக்கார். அவர் அம்மா காலை நான்தானே பாக்கறேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"என்னால நாப்பது பேருக்குத் தொந்தரவு எதுக்கு?"

இதுதான் நாட்டின் கிழக்குப் பகுதிக்காரர்களான எங்கள் வியாதி. நாற்பது பேருக்குக் கொடு என்றால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள் என்றால், கைகுலுக்க வந்தவன் முத்தம் கொடுத்துவிட்ட மாதிரி பின்வாங்குவார்கள். அன்று அத்தான்தான் பேசினார். "நீ விழுந்தா ஒரே ஆளுக்குத்தான் தொந்தரவு, ஹெர்மின். எனக்கு. நான் ஆர்கன் வாசிச்சு அஞ்சு வயித்த நிரப்ப முடியாது." அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கெர்லோஃபுக்குப் போன் செய்தாள்.

புதியவர்களை மாதாந்தரக் கூட்டத்துக்கு வரச் சொல்லிப் பேசிப் பார்ப்பார்கள், பிறகு முடிவு செய்வார்கள். உடனே நான் பயிற்சியாளர் பதவியை எடுத்துக்கொண்டேன். பதினைந்து நாடுகளில் வேலைக்கு நேர்காணல் கொடுத்தவள் நான். எந்த நாட்டிலும் உண்மை சொல்லி வேலை வாங்கியதில்லை.

"கேளுக்கா. அவங்களுக்கு என்ன பயம்? நோயாளி ஒருத்தி வந்து பணத்தையெல்லாம் உறிஞ்சிடுவாளோன்னு பயம். அதனால ஒரே ஒரு விஷயத்த அடிச்சுச் சொல்லணும். நான் படுத்ததே கிடையாது."

"அது நெசந்தானே?"

"அதான் உன் பலம்! நெசத்தையே பொய் மாதிரி கம்பீரமாச் சொல்லு."

கூட்டம் ஒரு காபிக் கடையின் பின் அறையில் நடந்தது. தச்சர், தேனீ வளர்ப்பவர், நாய்க்கு முடி வெட்டுபவர், ஆளுக்கு ஒரு காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். பிறகு டப்பாவை மூடிவிட்டார்கள். துணைக்கு வந்தவளாக நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணைக்கு வந்தவள் பேசக்கூடாது என்று எவரும் சொல்லாததால், மக்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பது பற்றி ஆண்டீஸ் மலையில் நான் கண்டதைச் சொன்னேன். தேனீக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த உற்சாகத்திலேயே என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டேன்.

ஃபெம்மி என்ற பெண்மணி, இறுதிச் சடங்குகளில் இறந்தவரைப் பற்றிப் பேசித் தருவதைத் தொழிலாகக் கொண்டவர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க படுத்துட்டா எந்த நாட்டுக்குப் பூ அனுப்பணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அது கொஞ்சம் அதிகம்தான்.

"சரி ஹெர்மின், நீங்க சொல்லுங்க," என்றார் கெர்லோஃப். "கடைசியா எப்போ உடம்பு சரியில்லாம வேலைக்குப் போகாம இருந்தீங்க?"

மேசைக்கு அடியில் அவள் காலைத் தட்டினேன்.

"போகாம இருந்ததே இல்ல," என்றாள் அக்கா. "இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட."

நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். தச்சர் தன் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"ஜுரம் வந்தா?" என்றார் ஃபெம்மி.

"மாத்திரை போட்டுட்டுப் போவேன்."

"உங்க அப்பா தவறினப்போ நான்தானே பேசினேன். அன்னிக்கு?"

"அன்னிக்குக் காலைல ரெண்டு வீடு. அப்புறம்தான் தேவாலயம்."

"அட கடவுளே," என்றார் நாய்க்கு முடி வெட்டுபவர்.

கெர்லோஃப் மெதுவாகச் சொன்னார். "போன தடவை இப்படித்தான் ஒரு சுவர் பூசறவரச் சேத்தோம். இரும்பு மனுஷன்னு சந்தோஷப்பட்டோம். முதுகு வலிச்சப்போ சொல்லல. ரெண்டு வாரம் படுத்திருந்தா சரியாப் போயிருக்கும். வலியோடயே ஓடி ஓடிக் கடைசில ஒன்றரை வருஷம் படுத்துட்டார். பணம் போனதப் பத்தி இல்ல. அவர் வாய் தொறந்து சொல்லிருந்தா அவருக்கே நல்லா இருந்திருக்கும். இந்த நிதில ஒரே ஒரு விதிதான் ஹெர்மின். முடியலன்னா முடியலன்னு சொல்லணும். உங்களால அது முடியுமான்னு எங்களுக்குத் தெரியல."

அடுத்த மாதம் வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்பது முடியாது என்பதன் கோட்டு போட்ட வடிவம்.

திரும்பும் வழியில் சைக்கிளில் பக்கத்தில் வந்தபடி கத்தினேன். "ஆரோக்கியமா இருக்கான்னு ஒருத்தியத் திருப்பி அனுப்புற கூட்டத்த உலகத்துலயே பாத்ததில்ல!"

"நீதானே அப்படிச் சொல்லச் சொன்ன."

"இன்சூரன்ஸ்காரன்னா அதுதான் சரியான பதில்!"

"அவங்க இன்சூரன்ஸ்காரங்க இல்லையே, ரென்ஸ்கே," என்றாள். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். வலது கையைப் பிடியில் வைக்காமல் மடியில் வைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த கூட்டம் பிப்ரவரியின் கடைசி வாரத்தில். அன்றும் இல்லையென்றால், மணிக்கட்டு சேராத அந்த விலை உயர்ந்த பாலிசியில்தான் கையெழுத்து. அல்லது ஒன்றுமே இல்லாமல் இருப்பது. அத்தான் ஆர்கனில் இறுதி ஊர்வலப் பாட்டுகளையே பயிற்சி செய்துகொண்டிருந்தார். வேலை அப்படி என்றார்.

கூட்டத்தன்று காலையில் அக்கா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். அனல்.

"ஜுரம்!" என்று கத்தினேன். "அக்கா, அருமை!"

"என்னது?"

"சாயங்காலம் கூட்டம், காலைல ஜுரம்! உலகத்துல எவளுக்கும் இவ்வளவு நேரம் பாத்து வந்ததில்ல. போ, போய்ப் படு. இன்னிக்கு இருக்கற வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி வரமுடியாதுன்னு சொல்லு."

"நீ பண்ணிச் சொல்லேன்."

"நீதான் சொல்லணும். அதான் பரீட்சையே."

"சரி. கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்றேன்."

அவளை மேலே அனுப்பி, போர்வையை இழுத்துவிட்டு, என்னையே மெச்சிக்கொண்டு வெளியே போனேன். ஒரு பாலாடைக்கட்டிக் கடைக்காரரிடம் விளம்பர வாசகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அவர் வாசகத்தைப் படித்துவிட்டு, அரைக் கிலோ வேண்டுமா என்று கேட்டார். திரும்பும்போது மாலை ஆகிவிட்டது. அக்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்கட்டும் என்று கதவைக்கூடத் தட்டவில்லை. சத்தமில்லாமல் படியிறங்கி, அவள் சார்பில் கூட்டத்துக்கு நானே போனேன்.

"ஹெர்மின் வரலையா?" என்றார் கெர்லோஃப்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தும் சொல்லியிருக்கலாம்.

"வரல. என் அக்காவுக்கு உடம்பு சரியில்ல. வாழ்க்கைல முதல் தடவையா எல்லா வீட்டுக்கும் வரமுடியாதுன்னு சொல்லிட்டு, காலைலேர்ந்து படுத்திருக்கா."

அறையில் ஒரு முணுமுணுப்பு. நல்ல முணுமுணுப்பு. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கேட்பவர்கள் ஒரு அடி நெருங்கினால் கதையை ஒரு முழம் நீட்டுவது என் பிறவிக் குணம்.

"மூணு மணிக்கு நானே என் கையால சூப் வெச்சுக் குடுத்தேன். 'நான் எழுந்து போகவா'ன்னு கேட்டா. 'படு'ன்னேன். கண் கலங்கிட்டா."

கெர்லோஃப் கன்னத்தைச் சொறிந்தார்.

"மூணு மணிக்கா?"

"மூணு மூணேகால் இருக்கும்."

"மூணு மணிக்கு ஹெர்மின் எங்க அம்மா வீட்ல இருந்தாங்களே."

மலை உச்சியில் கால் வழுக்கிய அனுபவம் எனக்கு உண்டு. விழுவதற்கு முன் ஒரு கணம் மிகவும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவில் ஃபெம்மியின் முகத்தைப் பார்த்தேன். என் இறுதிச் சடங்கில் என்ன பேசலாம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. நம்பிக்கை ஒன்றை மட்டுமே மூலதனமாக வைத்திருக்கும் நாற்பது பேர் முன்னால், இல்லாத சூப்பை ஊற்றி என் அக்காவின் வாழ்க்கையைக் கவிழ்த்திருந்தேன்.

"ஒருவேளை ரெண்டு மணியோ..." என்றேன்.

"ரென்ஸ்கே," என்றார் ஃபெம்மி, "உக்காருங்க."

அப்போது கதவு திறந்தது. அக்கா நின்றாள். கம்பளித் தொப்பி, மூக்கு சிவப்பு, கண்கள் பளபளத்தன. கழுத்துத் துணியை மூன்று சுற்று சுற்றியிருந்தாள்.

"தாமதமாயிடுச்சு. மன்னிச்சிருங்க," என்றாள். "தூங்கிட்டேன். இவ என்னை எழுப்பாம வந்துட்டா."

"ஹெர்மின்," என்றார் கெர்லோஃப், "இன்னிக்கு வேலைக்குப் போனீங்களா இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"போனேன். ரெண்டு வீட்டுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன். உங்க அம்மாவுக்குச் சொல்ல மனசு வரல. ஞாயித்துக்கிழமை அவங்க பிறந்தநாள். நல்ல ஷூ போடணும்னு ஆசையா இருந்தாங்க. அதனால போனேன். இடது காலை முடிச்சேன். வலது காலை எடுத்து மடியில வெச்சேன். நகம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. கையில கூரான கருவி. எனக்கு பயமாப் போச்சு." மூச்சு வாங்கினாள். "அப்படியே காலை மெதுவாக் கீழ இறக்கி வெச்சிட்டு, 'எனக்கு முடியல, இன்னொரு கால் அப்புறம்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கெர்லோஃப் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"எங்க அம்மா எனக்குப் போன் பண்ணாங்க," என்றார் கொஞ்சம் தேறியதும். "'ஹெர்மின் பாதியில எழுந்து போயிட்டா, ஒரு கால்தான் முடிஞ்சிருக்கு, அவ சாகப்போறாளா, நான் டாக்டரக் கூப்பிடட்டா'ன்னு கேட்டாங்க."

அறை வெடித்துச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அது இன்னும் வெட்கமாகவே இருந்தது.

"அப்போ இது கணக்குல சேருமா?" என்றார் தச்சர். "ஒரு காலுக்கு வேலை பாத்திருக்காங்க. பாதிதான் உடம்பு சரியில்லன்னு ஆகுது."

"முதல்லயே போயிருக்கக் கூடாது," என்றார் தேனீக்காரர்.

"போய்ட்டு நிறுத்தறதுதான்யா கஷ்டம்," என்றார் நாய்க்கு முடி வெட்டுபவர். "பாதி முடி வெட்டின நாய என்னால அனுப்பவே முடியாது."

"அந்த சூப்?" என்றார் ஃபெம்மி, அக்காவைப் பார்த்து.

"எந்த சூப்?" என்றாள் அக்கா. "இவளுக்குத் தண்ணியே காய்ச்சத் தெரியாது."

அது என்னைக் காப்பாற்றவில்லை, ஆனால் அவளைக் காப்பாற்றியது. எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒரு சுற்றுப் பேசி முடித்தால்தான் முடிவு. எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். அக்காவுக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

இருந்தால், கேட்கும் கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லலாம். மாதக் கடனும் பிள்ளைகளும் அத்தானின் ஆர்கனும் அந்த அறையில்தான் முடிவாகப் போகின்றன. உட்கார் என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள் அக்கா. "நீங்க பேசி முடிவு பண்ணுங்க. என்னால நிக்க முடியல."

அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சைக்கிள்லயா வந்தாங்க?" என்றார் தச்சர். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஓடினேன். அவளை என் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன். அவள் சைக்கிளைத் தேனீக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். வழி முழுதும் அக்காவின் நெற்றி என் முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது.

"கெடுத்துட்டனா?" என்று கேட்டேன்.

"பேசாம மிதி," என்றாள்.

மறுநாள் காலையில் கெர்லோஃப் வந்து வாசலில் நின்றார். தொற்றிக்கொள்ளும் என்று உள்ளே வரவில்லை. மாடிப்படியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஹெர்மின்! மார்ச் ஒண்ணுலேர்ந்து நீங்க எங்க ஆளு! நேத்து முடியலன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே, அதுக்கு மேல பேச எங்களுக்கு ஒண்ணும் இல்ல!"

மேலிருந்து இருமல் கேட்டது. சமையலறையில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் வாசிக்காமல், மேசை விளிம்பில் பத்து விரல்களையும் பரப்பி வைத்துக்கொண்டார். பிறகு அந்த ஆலோசகரைப் போனில் பிடித்து, இரண்டு வருடத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிற மலிவான பாலிசி மட்டும் போதும் என்றார். மணிக்கட்டு அதிலும் சேராது என்று அவர் சொன்னார் போலிருக்கிறது. "தெரியும், தெரியும்," என்றார் அத்தான். "இப்போ அதுக்கு ரொட்டி நிதி ரெண்டு வருஷமாவது இருக்கு."

கெர்லோஃப் இன்னும் போகவில்லை. "எங்க அம்மாவோட இன்னொரு கால் எப்போ?" என்று கத்தினார்.

"வெள்ளிக்கிழமை!" என்றது மேலிருந்து ஒரு கரகரப்பு.

அவர் பேசாமல் நின்றார்.

"சனிக்கிழமை!"

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். நான் படியில் நின்று, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து, "தெரியல," என்றாள் அக்கா.

"சரி," என்று சொல்லிவிட்டு கெர்லோஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரத்துக்கு மீதமிருந்த வீடுகளுக்கு நான் போன் செய்து சொல்கிறேன் என்றேன். அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். முதல் வீட்டில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது வீட்டில் ஒரு முறை. அங்கிருந்த பெரியவர் எலுமிச்சையும் தேனும் பற்றி நீளமாக ஏதோ சொன்னார், கேட்டுக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் எடுத்ததும், "ஹெர்மின் பேசறேன். எனக்கு உடம்பு சரியில்ல," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.